படகுக்கு எஞ்சின் நீங்கள்தான்: கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை

ராஃப்டுக்கு எஞ்சின் கிடையாது, சுக்கானும் கிடையாது. 14 அடி நீளக் காற்றுப் படகு, அதில் எட்டுப் பேர், பின்னால் ஒரு கைடு, அவ்வளவுதான். கைடு தன் துடுப்பால் படகின் முகத்தைத் திருப்புவார். ஆனால் படகு ஆற்றின் வேகத்திலேயே மிதந்துகொண்டிருந்தால், முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தண்ணீர் இழுக்கும் இடத்துக்குத்தான் போகும். தண்ணீரைவிடக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் ஒரு பாறையை விட்டு ஒதுங்க முடியும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது முன்னால் இருக்கும் எட்டுப் பேரின் துடுப்புகள். காசு கொடுத்து ஏறியதால் நம்மைப் பயணி என்று நினைத்துக்கொள்கிறோம். கங்கையில் ராஃப்ட் கவிழும் இடங்களைக் கரையில் நின்று கவனித்தால் ஒன்று தெரியும்: பெரும்பாலான படகுகள் கவிழ்வதற்குச் சற்று முன்பே அதில் இருப்பவர்கள் துடுப்பு போடுவதை நிறுத்தியிருப்பார்கள்.

தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து கீழே கௌடியாலாவில் தொடங்கி ரிஷிகேஷ் வரை சுமார் 36 கிலோமீட்டர் ராஃப்டிங் ஓடுகிறது. கௌடியாலாவிலிருந்து மரைன் டிரைவ் வரை ஏறக்குறைய 10, அங்கிருந்து சிவபுரி 10, சிவபுரியிலிருந்து ரிஷிகேஷ் 16. பிரம்மபுரியில் ஏறினால் 9 கிலோமீட்டர்தான். தூரத்தைவிட, வழியில் என்ன வருகிறது என்பது முக்கியம். பாறைகளுக்கு நடுவே ஆறு வேகமாகக் கொந்தளித்து ஓடும் இடத்துக்கு ரேபிட் என்று பெயர். ரேபிட்களை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது. கௌடியாலாவுக்குக் கீழே டேனியல்ஸ் டிப், அதன்பின் 4-க்கும் மேலே போகும் தி வால். மரைன் டிரைவுக்குக் கீழே கிராஸ்ஃபயர், த்ரீ பிளைண்ட் மைஸ். சிவபுரிக்குக் கீழே ரிட்டர்ன் டு சென்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ் எல்லாம் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்டவை. முதல்முறை போகிறவர் சிவபுரியில் ஏறினால் போதும். கௌடியாலாவில் ஏறுவதென்றால் எட்டுப் பேரும் ஒன்றாகத் துடுப்பு போட்டுப் பழகியிருக்க வேண்டும். தி வாலைக் கரையில் இறங்கி நடந்து கடப்பதில் ஒரு குறையும் இல்லை.

தர எண்ணை மட்டும் நம்பக்கூடாது. ஒரே ரேபிட், நீர்மட்டம் மாறினால் வேறு ரேபிட். மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் ஆறு மூடப்பட்டிருக்கும். செப்டம்பர் கடைசியில் திறக்கும்போது தண்ணீர் நிறைய இருக்கும், கலங்கலாகவும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மட்டம் இறங்கி, தண்ணீர் பச்சையாகத் தெளிந்துவிடும். பாறைகள் வெளியே தலை நீட்டும், வழி குறுகும், திருப்பங்கள் கூடும். ஏப்ரலிலிருந்து பனி உருகி மட்டம் மறுபடி ஏறும்; பாறைகள் மூழ்கி, பெரிய அலைகளும் பெரிய குழிகளும் உருவாகும். குறைந்த நீரில் ஆபத்து பாறையில் மோதுவதும் சிக்குவதும். நிறைந்த நீரில் ஆபத்து வேறு: விழுந்தவர் கரை சேருவதற்குள் வெகுதூரம் போய்விடுவார், அடுத்த ரேபிட் வந்துவிடும்.

இதற்கு மேல் அணைகள் வேறு. பாகீரதியில் 260.5 மீட்டர் உயரத் தெஹ்ரி அணையும் அதற்குக் கீழே கோட்டேஷ்வரும் இருக்கின்றன. அலக்நந்தாவில் ஸ்ரீநகர் நீர்மின் நிலையம். மின்சாரத் தேவைக்கு ஏற்ப அவை தண்ணீர் திறப்பதால், மழையே பெய்யாத நாளிலும் ஆறு ஏறி இறங்கும். காலையில் பார்த்த ரேபிட் மாலையில் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். கரையில் நின்றதும் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவையுங்கள். அரைமணி நேரத்தில் குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் ஆறு ஏறுகிறது என்று பொருள். படகையும், ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு படகான கயாக்கையும் தண்ணீர் ஓரத்தில் விடாமல் நன்றாக மேலே இழுத்துக் கட்ட வேண்டியதும் இதனால்தான்.

இனி தண்ணீரை எப்படிப் படிப்பது. மேலிருந்து பார்க்கும்போது ஆற்றின் மேற்பரப்பில் ஆங்கில 'வி' எழுத்துப் போன்ற கோடுகள் தெரியும். கூர்முனை கீழ்நோக்கிப் போனால் அது இரண்டு பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஆழமான வழி. வழவழப்பாக, நுரையில்லாமல் நாக்கு மாதிரி நீண்டிருக்கும். படகு அதன் நடுவில் போக வேண்டும். கூர்முனை நம்மைப் பார்த்து, அதாவது மேல்நோக்கி இருந்தால் அந்த முனையில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது. வெளியே தெரியும் பாறையில் தண்ணீர் மோதி, அதன் முன்னால் மெத்தை போல உப்பி நிற்கும். அந்த உப்பல் நல்லது, மிதந்து வருபவரை அது பக்கவாட்டில் தள்ளிவிடும். ஒரு பெரிய பாறை மேல் வேகமாகத் தண்ணீர் போய் மோதியும் உப்பலே இல்லையென்றால் அஞ்ச வேண்டும். தண்ணீர் பாறைக்கு அடியில் நுழைந்து போகிறது; ஆளையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரமும் அப்படித்தான். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார்.

பாறைக்குப் பின்னால், கரை வளையும் இடங்களில், தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். கைடுகள் இதை எடி என்பார்கள். ஓய்வெடுக்க, ரேபிட்டைப் பார்க்க, விழுந்தவரைப் பிடிக்க எல்லாவற்றுக்கும் இதுதான் இடம். ஆனால் கீழே போகும் ஓட்டமும் மேலே வரும் ஓட்டமும் உரசும் கோட்டைக் கடப்பது எளிதல்ல. பெரிய ஆற்றில் அந்தக் கோட்டில் சுழிகள் திறந்து மூடும். தயங்கிக்கொண்டே போனால் கோட்டின் மேலேயே மாட்டிக்கொள்வோம்; வேகமாகக் குறுக்கே வெட்டிப் போனால் உள்ளே போய்விடலாம்.

குழிதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூழ்கிய பாறையைத் தாண்டிச் சரேலென்று இறங்கும் தண்ணீர் அடியில் போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப மேற்பரப்புத் தண்ணீர் ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கித் திரும்பி வந்து நுரைத்துக்கொண்டே இருக்கும். படகு அதில் வேகமில்லாமல் இறங்கினால் நின்றுவிடும். நின்றதும் பக்கவாட்டில் திரும்பும். திரும்பியதும் மேலிருந்து விழும் தண்ணீர் படகின் ஒரு பக்கக் காற்றுக் குழாயை அழுத்தி, படகைப் புரட்டிப் போடும். இவ்வளவும் ஓரிரண்டு விநாடிகளுக்குள் நடந்துவிடும்.

தடுக்கும் வழி ஒன்றுதான்: நேராக, வேகத்தோடு மோதுவது. மோதும் அந்த நொடியில் துடுப்பை நுரையைத் தாண்டி ஆழமாகக் குத்த வேண்டும். மேலே நுரைத்தண்ணீர் நம்மை நோக்கி வருகிறது, பிடிமானமே இல்லை. ஆனால் அதற்கு அடியில், ஒரு முழம் ஆழத்தில், பச்சைத் தண்ணீர் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. துடுப்பின் தட்டு அதைத் தொட்டுவிட்டால் ஆறே படகை இழுத்து வெளியே விட்டுவிடும். இன்னொரு பலனும் உண்டு: தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பு நமக்கு ஊன்றுகோல். காற்றில் தூக்கிப் பிடித்த துடுப்பு எதற்கும் உதவாது. பெரிய அலையைப் பார்த்ததும் கத்தி, துடுப்பைத் தூக்கிவிட்டு, கயிற்றைப் பிடித்துக் குனிவதுதான் மனித இயல்பு. எட்டுப் பேரும் இதையே செய்தால் எஞ்சின் மிக மோசமான இடத்தில் நின்றுபோகிறது. கைடு "கெட் டவுன்" என்று சொன்னால் மட்டுமே உள்ளே குனிய வேண்டும்.

உட்காரும் விதத்தில் பாதி வேலை முடிந்துவிடும். படகின் உள்ளே வசதியாக உட்கார்ந்தால் துடுப்பு தண்ணீரைத் தொடாது. வெளிக்குழாயின் மேலேயே உட்கார்ந்து, முன்பாதத்தைக் குறுக்குக் குழாயின் அடியிலோ தரையில் இருக்கும் கால்பையிலோ செருகிக்கொள்ளுங்கள். கணுக்கால் வரை திணிக்கக்கூடாது. படகு புரண்டால் கால் தானாகக் கழன்று வர வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் பத்து நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடும். இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, தட்டை முழுதும் நீருக்குள் விட்டு, உடம்பை நிமிர்த்தி இழுக்க வேண்டும். துடுப்பின் மேல்முனையில் 'டி' வடிவக் கைப்பிடி இருக்கிறது. அதன் மேல் எப்போதும் உள்ளங்கை மூடியிருக்கட்டும். ராஃப்டிங்கில் பல் உடைவதும் மூக்கு உடைவதும் பெரும்பாலும் பாறையால் அல்ல, பக்கத்தில் இருப்பவர் கைவிட்ட அந்தக் கைப்பிடியால்.

முன்வரிசையில் இருக்கும் இரண்டு பேர்தான் தாளம். மற்றவர்கள் கைடைத் திரும்பிப் பார்க்காமல் அவர்களைப் பார்த்து ஒரே நேரத்தில் துடுப்பு போட வேண்டும். எட்டுத் துடுப்பு எட்டு நேரத்தில் விழுந்தால், நான்கு பேர் ஒன்றாகப் போடும் வேகம்கூட வராது. கட்டளைகள் சில சொற்கள்தான்: ஃபார்வர்ட், பேக்வர்ட், ஸ்டாப். "லெஃப்ட் பேக்" என்றால் இடப்பக்கம் பின்னோக்கி, வலப்பக்கம் முன்னோக்கி. படகு இடப்புறம் திரும்பும். "ஸ்டாப்" சொன்ன பிறகும் ஆர்வத்தில் போடும் ஒரு துடுப்பு, கைடு போட்ட கோணத்தைக் கெடுத்துவிடும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி அலட்சியம் வேண்டாம். பெருநீர் ஆற்றுக்கு என்று வரும் ஜாக்கெட்டுகள் சுமார் 10 கிலோ மிதவிசை தருபவை. சாதாரண விளையாட்டு ஜாக்கெட்டில் 7 கிலோதான் இருக்கும். நுரைத்தண்ணீரில் பாதி காற்று. மிதவிசை அங்கே குறையும் என்பதால் முகம் நீருக்கு மேலே நிற்பதில் இந்த வித்தியாசம் தெரியும். எல்லா வாரையும் கீழிருந்து மேலாக இறுக்கிய பின், இன்னொருவர் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காது வரை வந்தால் தளர்வு. கொக்கி உடைந்ததை, துணி முடிச்சுப் போட்டுக் கட்டியதை, உள்ளே பஞ்சு நசுங்கிப்போனதை வாங்காதீர்கள், மாற்றிக் கேளுங்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். பின்னால் தள்ளினால் நகரக்கூடாது. பருத்தி உடை நனைந்தால் குளிரை இழுத்துவைத்துக்கொள்ளும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் இல்லாமல் கௌடியாலா பகுதிக்குப் போக வேண்டாம். செருப்பு வேண்டாம், வார் போட்ட சாண்டலோ பழைய ஷூவோ போதும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

படகின் காற்றைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் பலரும் கவனிப்பதில்லை. 14 அடி ராஃப்டில் வழக்கமாக நான்கு தனித்தனி அறைகள் இருக்கும். ஒன்றை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போனால் நடுவில் இருக்கும் தடுப்புத் துணி ஒரு பக்கமாக இழுபட்டு நைந்துவிடும். எல்லாவற்றையும் பாதிப் பாதி நிரப்பி, பிறகு சுற்றி வந்து இறுக்க வேண்டும். அழுத்தம் சுமார் 2 முதல் 2.5 பி.எஸ்.ஐ. வெயிலில் இறுக்கிய படகு குளிர்ந்த நீரில் இறங்கியதும் தொய்ந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். மதியம் மணலில் ஏற்றினால் தலைகீழ்: உள்ளே காற்று விரிந்து தையலைப் பிளக்கும், அதனால் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். தொய்ந்த படகு குழியில் நடுவே மடிந்து வேகத்தை விழுங்கிவிடும். ஒட்டுப்போடுவதானால் கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டராவது கூடுதலாக வரும் துண்டு வேண்டும். படகுத் துணி ஹைபலானா பி.வி.சி.யா என்று பாருங்கள்: ஹைபலான் பசை வேறு, பி.வி.சி. பசை வேறு, மாற்றிப் போட்டால் உரிந்துவிடும்.

விழுந்துவிட்டால்? கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகியவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நின்ற தண்ணீரில் கற்ற பழக்கம் இங்கே எதிரி. முதல் ஆபத்து குளிர். திடீரென்று குளிர்ந்த நீருக்குள் போனதும் மூச்சு தானாக இழுக்கும், அடக்க முடியாது. அந்த நேரத்தில் வாயை மூடி, ஜாக்கெட் மேலே தூக்கும் வரை பொறுத்து, மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. பிறகு மல்லாந்து, கால்கள் ஆறு போகும் திசையில், கால்விரல்கள் நீர்மட்டத்துக்கு மேலே தெரிய, இடுப்பைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு தாழ்ந்து உட்கார்ந்த நிலையில் போனால் பாறை முதலில் இடிப்பது முதுகெலும்பின் அடிமுனையை. அலையின் உச்சியில் மூச்சை அடக்கி, பள்ளத்தில் இழுக்க வேண்டும்.

எழுந்து நிற்கக்கூடாது. இது விதி. ஓடும் தண்ணீரில் நிற்கப் பார்ப்பவரின் பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே செருகிக்கொண்டால், ஆறு உடம்பை முன்னே தள்ளி நீருக்குள் மடக்கிவிடும். இடுப்பளவு ஆழம்கூட மூழ்கடிக்கப் போதும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தால்தான் நிற்கலாம்.

மல்லாந்து மிதப்பது பாறைகள் நிறைந்த இடத்துக்கு மட்டும். பாறை தாண்டியதும் குப்புறத் திரும்பி, தலை சற்று மேல்நோக்கி இருக்க, கரைக்கு 45 பாகை சாய்வில் முழுப் பலத்தோடு நீந்த வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து நேராக நீந்தினால் இருந்த இடத்திலேயே களைத்துப்போவீர்கள். விழுந்த மரம் எதிரே வந்து தப்ப வழியில்லையென்றால் மட்டும் எல்லாமே தலைகீழ்: தலையை முன்னால் வைத்து நீந்திப் போய், கைகளால் ஊன்றி அதன் மேலே ஏறிவிட வேண்டும். கால் முன்னால் போனால் அடியில் இழுக்கப்படுவீர்கள். படகுக்கு அடியில் தலை முட்டினால் பதற வேண்டாம். உள்ளங்கைகளால் படகின் அடிப்பகுதியைத் தள்ளிக்கொண்டே ஒரே திசையில் போனால் சில நொடிகளில் வெளியே வந்துவிடலாம்.

கைடு எறியும் கயிற்றுப்பையில் 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு இருக்கும். பையைப் பிடிக்காதீர்கள், உள்ளே இன்னும் கயிறு மிச்சமிருக்கலாம், கயிற்றைப் பிடியுங்கள். கையில் சுற்றவே கூடாது. மல்லாந்து, கயிற்றை மார்போடு அணைத்து, எறிந்தவர் நிற்கும் கரைக்கு எதிர்ப்பக்கத் தோளின் மேலாக விட்டால் ஆறே உங்களைக் கரைக்கு ஒதுக்கிவிடும். படகுக்குள் இழுப்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தால் தோள் நழுவும். ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்து, முழங்காலைக் குழாயில் ஊன்றி, பின்னால் சாய்ந்து விழுங்கள். மீதியை உடல் எடை பார்த்துக்கொள்ளும்.

பாறையில் படகு பக்கவாட்டில் மோதப்போகிறது என்றால் கைடு "ஹை சைட்" என்று கத்துவார். பாறையைப் பார்த்து எல்லோரும் விலகிச் சாய்வதுதான் இயல்பு, அதுதான் தவறு. விலகினால் மேலோட்டப் பக்கக் குழாய், அதாவது தண்ணீர் வரும் பக்கத்துக் குழாய், தாழ்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்து, படகைப் பாறையோடு அப்பிவிடும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் 2 சதுர மீட்டர் பரப்பில் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. ஆகவே பாறையைக் கட்டிக்கொள்வது போல எட்டுப் பேரும் அந்தப் பக்கம் தாவ வேண்டும். அப்பிக்கொண்ட படகை ஆள் பலத்தால் எடுக்க முடியாது. கப்பிகளும் கயிறும் வைத்து இழுவிசையை மூன்று மடங்காக்கித்தான் பிரித்தெடுப்பார்கள், சில சமயம் ஓர் அறையின் காற்றைத் திறந்துவிட வேண்டியிருக்கும்.

கயாக் வேறு விதம். அங்கே எஞ்சினும் கைடும் நீங்களே. இதே ஆற்றில் ராஃப்டுகளுக்கு முன்னால் சிறு பிளாஸ்டிக் படகில் ஒருவர் போய் எடியில் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விழுந்தவரை முதலில் எட்டுபவர் அவர்தான். கற்றுக்கொள்ள விரும்புபவர் முதலில் தேர வேண்டியது துடுப்பு வீச்சு அல்ல, தலைகீழாக இருந்து வெளியேறுவது. இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்கர்ட்டின் முன்னால் ஒரு இழுவளையம் இருக்கும். அது எப்போதும் வெளியே தெரிய வேண்டும். உள்ளே மடிந்து போனால் கவிழ்ந்த நிலையில் கைக்கு அகப்படாது. கவிழ்ந்ததும் உடம்பை முன்னே மடக்கி, வளையத்தை முன்பக்கமாக இழுத்து, பிறகு மேலே தூக்கி, இரு கைகளாலும் படகை இடுப்பிலிருந்து தள்ளிவிட்டு வெளியே வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டும் செய்ய முடிகிற வரை அமைதியான நீரில் பழகுங்கள்.

அடுத்து ரோல், அதாவது கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது. புதியவர்கள் கை பலத்தால் எழும்பப் பார்ப்பார்கள், தலையை முதலில் தூக்குவார்கள். தலை மேலே வந்ததும் படகு மறுபடி கவிழும், காரணம் தலையைத் தூக்கினால் இடுப்பு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இடுப்பால் படகை முதலில் நிமிர்த்த வேண்டும், தலை கடைசியில் வர வேண்டும். துடுப்பின் தட்டைக் கண்ணால் பின்தொடர்ந்தால் தலை தானாகத் தாழ்ந்தே இருக்கும். இன்னொன்று, கைகள் எப்போதும் மார்புக்கு முன்னால், கண் உயரத்துக்குக் கீழே இருக்கட்டும். கையைத் தலைக்கு மேலே நீட்டி அலையில் ஊன்றினால் தோள் மூட்டு கழலும். கயாக்கிங்கில் அடிக்கடி நேரும் காயம் இது.

எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது, போகும் திசைக்குள்ளே, அதாவது கீழோட்டப் பக்கம் சாய வேண்டும். மேலோட்டப் பக்கம் சாய்ந்தால் தண்ணீர் படகின் விளிம்பைப் பிடித்து இமைப்பொழுதில் கவிழ்த்துவிடும். கற்பவர்கள் கவிழ்வதில் பெரும்பங்கு எடிக்கோட்டில்தான், பெரிய அலையில் அல்ல. ஆகவே பெரிய ரேபிட்டைத் தேடிப் போகாமல், பிரம்மபுரிக்குக் கீழே ஒரே எடியில் நாள் முழுதும் உள்ளே வெளியே என்று போய்வருவது கூடுதல் பயன் தரும்.

1977-இல் எட்மண்ட் ஹிலாரியின் குழு கங்கையின் கழிமுகத்திலிருந்து ஜெட் படகுகளில் இந்த ரேபிட்களையெல்லாம் எதிர்த்து மேலே ஏறியது. நந்தபிரயாகை அருகே ஒரு அருவி தடுத்ததும் படகுகளை விட்டுவிட்டார்கள். அத்தனை குதிரைத்திறன் இருந்தவர்களும் ஓரிடத்தில் கரையேறினார்கள்.

முன்பதிவு செய்யும்போது விலையைவிட முதலில் கேட்க வேண்டியவை: இன்றைய நீர்மட்டம் என்ன, நேற்றைவிட ஏறியிருக்கிறதா; கூடவே பாதுகாப்புக் கயாக் வருகிறதா; ஒரே ஒரு ராஃப்ட் தனியாகப் போகிறதா, இரண்டு சேர்ந்து போகின்றனவா; கைடிடம் கயிற்றுப்பையும் முதலுதவிப் பெட்டியும் இருக்கின்றனவா. தனி ராஃப்ட் கவிழ்ந்தால் உதவிக்கு யாரும் இல்லை. கிளம்புமுன் கரையில் பத்து நிமிடமாவது செய்முறை விளக்கம் தராமல், "வழியில் சொல்கிறேன்" என்று படகைத் தள்ளுகிறவரோடு போகாதீர்கள். குடித்துவிட்டு வந்த ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரை ஏற்ற வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஏனென்றால் அந்தப் படகின் எட்டில் ஒரு பங்கு எஞ்சின் அவர். அமைதியான பகுதியில் கைடு "குதிக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும். படகின் வெளிக்கயிற்றுக்கு எட்டும் தூரத்திலேயே இருங்கள், அடுத்த ரேபிட்டின் சத்தம் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே ஏறிவிடுங்கள்.